மாத்திரை முடிந்தும் மூச்சு வாங்குகிறதா? காசநோய்க்குப் பின் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி

ஆறு மாத மாத்திரையை ஒரு வேளைகூட விடாமல் சாப்பிட்டாகிவிட்டது. கடைசிச் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை. ‘குணமடைந்தார்’ என்று சிகிச்சை அட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அல்ஹம்துலில்லாஹ் என்று குடும்பமே நிம்மதி அடைகிறது. ஆனால் குணமானவரால் பழையபடி மாடிப்படி ஏற முடியவில்லை. கடைக்குப் போய் அரிசிப் பையைத் தூக்கி வந்தால் பத்து நிமிடம் உட்கார வேண்டியிருக்கிறது. காலையில் எழுந்ததும் சளி, பேச்சின் நடுவே மூச்சு வாங்கல்.

இந்த நிலையில் நம் வீடுகளில் பெரும்பாலும் மூன்றில் ஒன்று நடக்கிறது. “டிபி திரும்பி வந்துவிட்டது” என்று பயந்து மறுபடியும் அதே மாத்திரையைத் தேடுகிறோம். அல்லது “நோய்தான் போய்விட்டதே, இன்னும் என்ன சோம்பல்?” என்று அவரைக் கடிந்துகொள்கிறோம். அல்லது “பாவம், ஓய்வெடுக்கட்டும்” என்று பாசத்தால் கட்டிலோடு இருத்திவிடுகிறோம். மூன்றுமே அவருக்குக் கெடுதல் செய்யக்கூடியவை.

காசநோய் குணமான பின்பும் நுரையீரலில் தங்கிவிடும் பாதிப்பு தனியான ஒரு மருத்துவப் பிரச்சினை. அதற்கென்று தனிச் சிகிச்சையும் உண்டு. ‘பல்மனரி ரிஹாபிலிடேஷன்’, அதாவது நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி என்று அதற்குப் பெயர். அது என்ன, யாருக்கு, எங்கே கேட்பது, வீட்டில் என்ன செய்வது என்பதை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

கிருமி போன பின் மிச்சம் இருப்பது

காசநோய்க் கிருமி நுரையீரலின் மென்மையான திசுவை அரித்துக் குழி உண்டாக்குகிறது. மருந்து கிருமியைக் கொல்கிறது. ஆனால் அரிக்கப்பட்ட இடத்தைப் பழையபடி ஆக்குவதில்லை. கையில் ஆழமான வெட்டுக்காயம் ஆறினாலும் தழும்பு நிற்பது போல நுரையீரலிலும் தழும்பு நிற்கிறது. தழும்பு விழுந்த பகுதி பஞ்சு போல விரிந்து சுருங்காது.

சிலருக்கு மூச்சுக்குழாய்கள் சுருங்கி ஆஸ்துமா போன்ற இழுப்பு வருகிறது. சிலருக்கு அவை நிரந்தரமாக விரிந்து, சளி தேங்கி, அடிக்கடி தொற்று ஏற்படுகிறது. இதை மருத்துவர்கள் பிராங்கியெக்டேசிஸ் என்பார்கள். பழைய குழிகளில் பூஞ்சை வளர்ந்து இருமலில் இரத்தம் வருவதும் உண்டு.

நுரையீரலோடு சேர்ந்து தசைகளும் பலவீனப்படுகின்றன. நோய்க்காலத்தில் உடல் எடை குறைந்தபோது தொடை, தோள் தசைகளும் கரைந்திருக்கும். மூச்சு வாங்குகிறதே என்று நடப்பதைக் குறைக்கிறோம். நடக்காததால் தசை மேலும் பலம் இழக்கிறது. பலம் குன்றிய தசை சிறு வேலைக்கும் அதிக ஆக்சிஜன் கேட்கிறது, மூச்சு இன்னும் வாங்குகிறது. இந்தச் சுழற்சியை உடைப்பதுதான் பயிற்சியின் வேலை. அது நுரையீரல் தழும்பை அழிக்காது. மிச்சமிருக்கும் நுரையீரலைக் கொண்டு அதிக தூரம் நடக்கவும், குறைந்த சிரமத்தில் வேலை செய்யவும் உடலைப் பழக்குகிறது.

இது ஓரிருவரின் பிரச்சினை அல்ல. 1980-லிருந்து காசநோய்க்கு ஆளாகிப் பிழைத்து, 2020-ல் உயிரோடு இருந்தவர்கள் உலகில் சுமார் 15.5 கோடிப் பேர் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். குணமானவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ஏதோ ஓர் அளவில் நுரையீரல் குறைபாடு மிஞ்சுகிறது என்பது பல நாட்டு ஆய்வுகள் காட்டும் நிலை.

கொங்கு மண்ணில் இது ஏன் முக்கியம்?

கோவையின் நூற்பாலைகள், ஃபவுண்டரிகள், திருப்பூரின் பனியன் கம்பெனிகள், சோமனூர், பல்லடம், ஈரோட்டின் விசைத்தறிகள், பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னைநார் ஆலைகள் என்று இந்தப் பகுதியின் பிழைப்பில் பெரும்பங்கு பஞ்சும் தூசும் மணலும் கலந்தது. ஃபவுண்டரி மணலின் சிலிக்கா தூசு நுரையீரலில் படிந்தால் சிலிகோசிஸ் வரும். அவர்களுக்குக் காசநோய் வரும் ஆபத்தும் அதிகம். பஞ்சுத் தூசு மூச்சுக்குழாயைச் சுருக்கும். காசநோயால் ஏற்கெனவே தழும்பு விழுந்த நுரையீரலோடு மறுபடியும் அதே தூசுக்குள் ஒருவர் வேலைக்குப் போகிறார் என்றால், அவருடைய மூச்சுக்கு இரட்டைச் சுமை.

காசநோய் சிகிச்சையில் நம் பகுதிக்கும் தமிழ்நாட்டுக்கும் நீண்ட வரலாறு உண்டு. பெருந்துறையில் இன்று ஈரோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இயங்கும் இடத்தில் முன்பு காசநோய் சானடோரியம் இருந்தது. நல்ல காற்று, நல்ல உணவு, நீண்ட ஓய்வு. அந்நாளில் அதுதான் வைத்தியம். 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆய்வு அந்த முறையையே மாற்றியது. வீட்டிலிருந்தபடி மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் தங்கியவர்களுக்கு நிகராகக் குணமானார்கள் என்று 1959-ல் அதன் முடிவு வெளியானது. அந்த ஆய்வை நடத்திய மையம்தான் இன்று சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

அதன் பிறகு சிகிச்சை வீட்டுக்கே வந்தது. மாத்திரைக் காலமும் குறைந்தது. 2022-ல் தமிழக அரசு தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’, மிகவும் மெலிந்தவர்கள், ஆக்சிஜன் குறைந்தவர்கள், துணையின்றி நிற்க முடியாதவர்கள் ஆகியோரை ஆரம்பத்திலேயே கண்டறிந்து மருத்துவமனையில் சேர்க்க வழி செய்தது. உயிரைக் காக்கும் ஏற்பாடுகள் இப்படி வளர்ந்திருக்கின்றன. உயிர் பிழைத்தவர் பழையபடி நடமாடுகிறாரா என்று பார்க்கும் வேலையில் பெரும்பங்கு இன்னும் குடும்பத்தின் தலையில்தான் இருக்கிறது.

முதலில் பரிசோதனை, பிறகுதான் பயிற்சி

மூச்சு வாங்குகிறது என்றவுடன் பயிற்சியில் இறங்கக் கூடாது. முதலில் நோய் திரும்பவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைதல் இருந்தால் சளிப் பரிசோதனை அவசியம். இங்கே ஒரு நுட்பம் உண்டு. இப்போது பரவலாகச் செய்யப்படும் மரபணுப் பரிசோதனையில், முன்பு சிகிச்சை எடுத்தவர்களுக்கு இறந்த கிருமியின் மிச்சம்கூட ‘இருக்கிறது’ என்று காட்டக்கூடும். அதேபோல எக்ஸ்ரேயில் தெரியும் பழைய தழும்பும் புதிய நோய் போலத் தோன்றலாம். எனவே தேவைப்பட்டால் சளியைக் கல்ச்சருக்கு அனுப்பலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பழைய எக்ஸ்ரேக்கள், சிகிச்சை அட்டை எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருந்து கையோடு கொண்டு போங்கள்.

அடுத்து நுரையீரலின் நிலையை அளப்பது. ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் பரிசோதனை எவ்வளவு காற்றை எவ்வளவு வேகமாக வெளிவிட முடிகிறது என்று காட்டும். இழுப்பு இருந்தால் இன்ஹேலர் பயன்படுமா என்பதும் இதில் ஓரளவு தெரிந்துவிடும். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் இரத்தத்தில் ஆக்சிஜன் அளவைச் சொல்லும். பிறகு ஆறு நிமிட நடைச் சோதனை: அளந்து குறித்த வராந்தாவில் ஆறு நிமிடத்தில் எத்தனை மீட்டர் நடக்க முடிகிறது, அப்போது ஆக்சிஜன் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். பயிற்சி முடிந்தபின் இதே சோதனையில் 30 மீட்டர் கூடுதலாக நடந்தால் அதுவே குறிப்பிடத்தக்க முன்னேற்றம். கால் வீக்கம், நெஞ்சுவலி இருந்தால் இதயத்தையும் பரிசோதிக்க வேண்டும்.

பயிற்சியில் என்ன இருக்கும்?

பொதுவாக 6 முதல் 8 வாரம் அல்லது அதற்கு மேலும், வாரத்தில் 2 அல்லது 3 முறை பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் நடக்கும். மற்ற நாட்களில் வீட்டில் தொடர வேண்டும். விலை உயர்ந்த கருவி எதுவும் கட்டாயமில்லை. உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் காசநோய்க்குப் பின் நுரையீரல் பாதித்தவர்களுக்கு 6 வாரம், வாரம் 2 முறை பயிற்சி அளித்து 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். எளிய வசதிகளோடு நடந்த அந்தப் பயிற்சியிலும் நடக்கும் திறனும் அன்றாட வாழ்க்கையும் மேம்பட்டன. 2021-ல் பன்னாட்டு நிபுணர்கள் சேர்ந்து வெளியிட்ட மருத்துவ நெறிமுறைகளும், காசநோய் சிகிச்சை முடியும்போதே நுரையீரலை மதிப்பிட்டு, தேவைப்படுபவருக்கு மறுவாழ்வுப் பயிற்சி தர வேண்டும் என்கின்றன.

*நடை.* பயிற்சியின் அடித்தளம் இதுதான். முதலில் 5 நிமிடமே போதும். மூச்சு வாங்கினால் நின்று, ஆறி, மீண்டும் நடக்கலாம். சில வாரங்களில் படிப்படியாக 20–30 நிமிடத்துக்குக் கொண்டு வர வேண்டும். நடக்கும்போது சிறு வாக்கியம் பேச முடிய வேண்டும். பேச்சே வராவிட்டால் வேகம் அதிகம். மூச்சே வாங்காமல் கதை பேசிக்கொண்டு போனால் வேகம் போதாது. உக்கடம் பெரியகுளக் கரை போன்ற சமமான நடைபாதைகள் நல்ல இடங்கள். வாகனப் புகை அடர்ந்த நேரத்தையும் மார்கழிப் பனியின் அதிகாலையையும் தவிர்க்கலாம்.

*தசைப் பயிற்சி.* கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து எழுவது தொடைக்கு. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்துத் தோள் உயரம் தூக்கி இறக்குவது கைக்கும் தோளுக்கும். ஒவ்வொன்றையும் 8 அல்லது 10 முறை செய்து, ஓய்வெடுத்து, மறுபடி ஒரு சுற்று. எழும்போதும் தூக்கும்போதும் மூச்சை வெளியே விட வேண்டும், அடக்கக் கூடாது.

*மூச்சுக் கட்டுப்பாடு.* மூக்கால் மெதுவாக இழுத்து, விளக்கின் சுடரை அணைக்காமல் அசைக்க ஊதுவது போல உதட்டைக் குவித்து, இழுத்ததைவிட இரு மடங்கு நேரம் எடுத்து வெளிவிடுவது. படி ஏறும்போதும் பதற்றத்தில் மூச்சு முட்டும்போதும் இது கைகொடுக்கும். திடீரென்று மூச்சு வாங்கினால் படுக்க வேண்டாம். நாற்காலியில் முன்பக்கம் சாய்ந்து, முழங்கைகளைத் தொடையில் ஊன்றி இப்படி ஊதினால் விரைவில் ஆறும்.

*சளி வெளியேற்றம்.* சளி தேங்குபவர்களுக்கு இது தினசரிக் கடமை. சில முறை நிதானமாக மூச்சு விட்டு, மூன்று நான்கு முறை ஆழமாக இழுத்து, பிறகு வாயைத் திறந்து கண்ணாடியில் ஆவி படிய ஊதுவது போல ‘ஹா’ என்று அழுத்தி வெளிவிட வேண்டும். வறட்டு இருமலை இருமி இருமித் தொண்டையைப் புண்ணாக்குவதைவிட இது சளியை எளிதாக மேலே கொண்டு வரும். எந்தப் பக்கம் படுத்துச் செய்வது என்பதை பிசியோதெரபிஸ்ட் எக்ஸ்ரேயைப் பார்த்துச் சொல்வார்.

உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

நெஞ்சுவலி, தலைசுற்றல், படபடப்பு, உதடு நீலமாதல், ஆக்சிஜன் அளவு 88-க்குக் கீழே இறங்குதல் ஆகியவற்றில் எது வந்தாலும் பயிற்சியை நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும். சளியில் இரத்தக் கீற்று தெரிந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இரத்தம் அதிகமாக வந்தால் 108-ஐ அழைத்துவிடுங்கள். காலைவரை காத்திருக்க வேண்டாம். காய்ச்சலும் நிறம் மாறிய சளியும் இருந்தால் புதிய தொற்றாக இருக்கலாம். அது தீரும்வரை பயிற்சிக்கு விடுமுறை. மூச்சிரைப்புக்கு என்று கடையில் தாமாக ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிச் சாப்பிடும் பழக்கம் ஆபத்தானது.

உணவும் புகையும்

தசையை மீட்காமல் பயிற்சி பலன் தராது. தசைக்குப் புரதம் வேண்டும். முட்டை, மீன், கோழி, பருப்பு, கொள்ளு, நிலக்கடலை, தயிர் எல்லாம் நம் கைக்கு எட்டியவை. வயிறு நிறைந்தால் மூச்சு முட்டும் என்பவர்களுக்கு மூன்று வேளையை ஐந்து சிறு வேளைகளாகப் பிரித்துக் கொடுங்கள். சிகிச்சைக் காலத்தில் இருப்பவர்களுக்கு ‘நிக்ஷய் போஷன்’ திட்டத்தில் அரசு வழங்கும் ஊட்டச்சத்துத் தொகை 2024 நவம்பர் முதல் மாதம் 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்துள்ளது. வங்கிக் கணக்கில் வருகிறதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பீடி, சிகரெட், ஹுக்கா எதுவானாலும் தழும்பு விழுந்த நுரையீரலுக்கு எதிரி. பக்கத்தில் ஒருவர் புகைத்தாலும் அப்படியே. விட முடியாமல் தவிப்பவர்கள் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை பெறலாம். விறகடுப்புப் புகையும் சாம்பிராணிப் புகையும்கூட இவர்களுக்கு ஆகாது. ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகள் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

தொழுகை, நோன்பு

நின்று தொழ முடியாதவருக்கு உட்கார்ந்து தொழும் சலுகை மார்க்கத்தில் தெளிவாக உண்டு. சஜ்தாவில் குனியும்போது மூச்சு முட்டுபவர் நாற்காலியில் தொழுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதே சமயம் முடிந்தபோது பள்ளிவாசலுக்கு நடந்து போவது நல்ல பயிற்சி. வழியில் எத்தனை இடத்தில் நிற்க வேண்டியிருக்கிறது என்று எண்ணி வைத்தால் வாரத்துக்கு வாரம் முன்னேற்றம் தெரியும்.

ரமழானில் நோன்பு வைப்பதா, பின்னர் ஈடு செய்வதா என்பதை மருத்துவரின் கருத்தைப் பெற்று ஆலிமிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். இன்ஹேலர் பற்றி உலமாக்களிடையே வேறுபட்ட கருத்துகள் உள்ளன. ஒரு நாளைக்கு இரு வேளை எடுக்கும் இன்ஹேலரை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். திடீர் மூச்சுத் திணறல் வந்தால் மட்டும் மஃரிப் வரை பொறுக்கலாம் என்று தாமதிக்கவே கூடாது. பயிற்சியை இஃப்தாருக்குப் பின் இலேசாகச் செய்வது நல்லது.

வேலையும் வருமானமும்

மூச்சு வாங்குபவரைச் சீக்கிரம் வேலைக்கு அனுப்பும் அவசரத்தின் பின்னால் இருப்பது வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும். இங்கே பலர் அறியாத உரிமை ஒன்று உண்டு. ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ள தொழிலாளருக்குக் காசநோய் ‘நீண்டகால நோய்’ பட்டியலில் வருகிறது. பணிக்கால, சந்தா நிபந்தனைகள் நிறைவேறினால், மருத்துவச் சான்றின் பேரில் சராசரிக் கூலியில் 80 சதவீதம் வரை நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவி கிடைக்கும். கிளை அலுவலகத்தில் விசாரியுங்கள். வேலைக்குத் திரும்பும்போது தூசு குறைந்த பிரிவுக்கு மாற்றித் தரும்படி மருத்துவரின் கடிதத்தோடு கேட்கலாம்.

வளைகுடா வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் பழைய தழும்பைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பப்பட்டவர்களை நாம் அறிவோம். பயிற்சியால் அந்தத் தழும்பு மறையாது. ஏஜெண்டுகளிடம் பணத்தைக் கட்டுவதற்கு முன்பே எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

நம் பெண்களின் நிலை

திருமணப் பேச்சு கெட்டுவிடும் என்று மகளின் நோயை மறைக்கும் குடும்பங்கள் உண்டு. மறைத்த நோய்க்குப் பின்னால் மிஞ்சும் மூச்சிரைப்பையும் மறைத்தே வாழ வேண்டியிருக்கிறது. மருமகளாகப் போன இடத்தில் அது ‘சோம்பேறி’ என்ற பட்டமாகிறது. சிகிச்சை முடித்துக் குணமானவரிடமிருந்து நோய் தொற்றாது. தனித் தட்டு, தனி டம்ளர், தனி அறை எதற்கும் தேவையில்லை. வெளியே நடக்க வசதியில்லாத பெண்கள் மொட்டை மாடியிலோ ஹாலிலோ நேரம் பார்த்து நடக்கலாம். பெண் பிசியோதெரபிஸ்ட் வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை.

எங்கே போவது, என்ன கேட்பது?

கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, சிங்காநல்லூர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் ஆகியவற்றில் ஒன்று உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும். அங்கே நெஞ்சக நோய்ப் பிரிவைக் கேட்டுச் செல்லுங்கள். காசநோய்த் திட்டப்படி சிகிச்சை முடிந்த பிறகும் இரண்டு ஆண்டுகள், ஆறு மாதத்துக்கு ஒரு முறை தொடர் பரிசோதனை உண்டு. அந்த நாளில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: ஸ்பைரோமெட்ரி எடுக்கலாமா? ஆறு நிமிட நடைச் சோதனை செய்யலாமா? பிசியோதெரபி பிரிவுக்குச் சீட்டு எழுதித் தருவீர்களா?

மருத்துவமனைக்கு அடிக்கடி போக முடியாதவர்கள், 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வழியாக வீட்டிலேயே பிசியோதெரபி பெற முடியுமா என்று அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம். காசநோய் தொடர்பான சந்தேகங்களுக்கு 1800-11-6666 என்ற கட்டணமில்லா எண் உள்ளது.

ஜமாஅத்துகளுக்கும் இதில் பங்கு உண்டு. சிகிச்சையில் இருக்கும் நோயாளிகளுக்கு உணவுப் பொருள் வழங்க, 2022-ல் தொடங்கிய ‘நிக்ஷய் மித்ரா’ ஏற்பாட்டில் அமைப்புகளும் தனிநபர்களும் பதிவு செய்யலாம். சிகிச்சை முடித்தவர்களுக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் இன்னும் சிறியது: வாரம் இருமுறை மருத்துவமனைக்குப் போய்வரும் பஸ் செலவு, ஒரு பல்ஸ் ஆக்சிமீட்டர், கூட நடக்க ஓர் ஆள்.

வீட்டில் அத்தாவுக்கோ அம்மாவுக்கோ, அண்ணனுக்கோ மருமகளுக்கோ காசநோய் வந்து குணமாகியிருந்தால் இன்றே கேட்டுப் பாருங்கள்: “படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா?” ஆம் என்றால் அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திருக்க வேண்டாம். அட்டையையும் எக்ஸ்ரேயையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், சில வாரங்களில் அவர் நடக்கும் தூரம் கூடுவதை நீங்களே காணலாம்.